மறியலில் சொன்ன சாட்சி

எனக்கு வாய் ஜாஸ்தி என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குழாயடியில் குடம் நகர்த்தும் சண்டை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறை தராமல் நழுவினால் படிக்கட்டிலேயே நின்று வாங்கிக்கொண்டுதான் இறங்குவேன். இந்த வாயை வைத்துக்கொண்டு எங்கே போய்க் குடித்தனம் பண்ணப்போகிறாளோ என்று அம்மா புலம்பாத நாள் கிடையாது. அந்த வாய் திறக்க வேண்டிய ஒரு நாளில் திறக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இப்போது எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. அதுவும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் கரும்பு. அப்பா நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குக் காலில் ஆறாத புண். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போய்வந்த முதல் பெண் எங்கள் தெருவில் நான்தான். எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள். தாவரவியல் படித்தேன் என்பது போதும்.

வகுப்பில் ஆறு பெண்கள். இரண்டு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். முதல் நாள் நான் தாமதமாகப் போனேன். நான்கு பேர் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது மேசையில் ஒருத்தி மட்டும் தனியாக இருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இடம் அங்கேதான் இருந்தது. அவள் கல்வராயன் மலைக்காரி, கரியாலூருக்கும் மேலே ஏதோ ஒரு குக்கிராமம். அவளோடு ஏன் யாரும் உட்காரவில்லை என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் எங்களுக்குப் பழகிவிட்டது.

செடிகொடி விஷயத்தில் எங்கள் சாருக்கே அவள் சொல்லித்தரலாம். இலையைக் கசக்கி மோந்து பார்த்துப் பேர் சொல்லுவாள். அது மலைப் பேர். பரீட்சைக்கு லத்தீன் பேர் வேண்டும். அங்கே நான் உதவி செய்வேன். நான் படம் வரைந்தால் பூவெல்லாம் முட்டைக்கோசு மாதிரி இருக்கும். அங்கே அவள் உதவி செய்வாள். இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் காலேஜில் ஒரு வழக்கம் இருந்தது. மலையிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் லீவு முடிந்து திரும்பும்போது வாத்தியார்களுக்கு எதாவது கொண்டுவர வேண்டும். தேன், கடுக்காய், சாமை அரிசி, பலாப்பழம். திங்கட்கிழமை காலையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் பையோடு நிற்பார்கள். யார் முதலில் ஆரம்பித்தார்களோ, பிரியமாகத்தான் கொடுத்திருப்பார்கள். நாங்கள் சேர்ந்தபோது அது பிரியமாக இல்லை. கொண்டுவராத பையனின் ரெக்கார்டு நோட்டு மேசைக்கு அடியில் கிடக்கும். நோட்டில் கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. கீழ்நாட்டுப் பிள்ளைகளான எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் நாங்களும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. சொல்லப்போனால், “எனக்கும் ஒரு பாட்டிலு தேனு கொண்டாந்து குடுடி” என்று நானே அவளிடம் கேட்டிருக்கிறேன். அவளும் கொண்டுவந்தாள்.

தாவரவியல் செய்முறை வகுப்பு எடுத்தவர் வெளியூர்க்காரர். குடும்பம் சொந்த ஊரில்; இவர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். இரண்டாம் வருடம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, “தேன இங்க கொண்டாராத, எல்லாரும் பங்கு கேக்குறாங்க. சாயந்தரமா ரூமுக்குக் கொண்டாந்து குடு” என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை, வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாட்டிலை அவர் மேசைமேல் ணங்கென்று வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இன்னாடி இப்டி பண்ணிட்ட?” என்றேன்.

“அங்க எதுக்கு நான் போவணும்? தேனுதான கேட்டாரு, தேனு வந்திருச்சு.”

அன்றிலிருந்து அவர் அவளை விடவில்லை. வருகைப் பதிவில் பேரைச் சொல்லாமல் “மலை” என்று கூப்பிடுவார். பையன்கள் சிரிப்பார்கள். பூவின் மகரந்தச் சேர்க்கை பாடம் நடத்தும்போது, “இதெல்லாம் இவளக் கேளுங்கய்யா. மலையில தாலி கட்றதுக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சிரும்” என்றார். பையன்கள் மேசையைத் தட்டினார்கள். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பென்சில் பாதியாகும்வரை சீவினாள். நான் அவர் முகத்தையே பார்த்தேன். என்ன கிழித்தேன்? குழாயடிச் சண்டைக்காரி, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. லேபுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. பாட்டிலில் ஊறவைத்த வேர், காய் எல்லாம் அலமாரிகளில் அடுக்கியிருக்கும். அலமாரிக்குப் பின்னால் இருந்த தொட்டியில் நான் கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் அவளிடம், அன்றைக்கு மேசைமேல் வைத்த தேனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போ, எனக்கு வேண்டாம் என்று சொல்லி உள்ளே வரச் சொல்லியிருக்கிறார். அவள் பாட்டிலை எடுத்ததும் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் இழுத்தாள். அவர் விடவில்லை, இன்னொரு கையால் கதவைச் சாத்தினார். எனக்கு அலமாரி இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. பாட்டில் விழுந்து உடைந்தது. கத்த நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். கத்தவில்லை. கையிலிருந்த ஸ்லைடை நழுவவிட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் கையை எடுத்தார். அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நான் அவள் பின்னால் தேனை மிதித்துக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த அறையில் எறும்பு மொய்த்துக்கிடந்தது.

அவள் அழவில்லை. விடுதிக்குப் போய்க் கை கழுவிவிட்டு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, “முதல்வர் ஐயா அவர்களுக்கு” என்று எழுத ஆரம்பித்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். கடைசியில், ‘இதை என் வகுப்புத் தோழி பார்த்தார்’ என்று என் பேரைப் போட்டாள். போடலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள்.

“போடு. நான் பாத்தன் இல்ல? சொல்றேன்.”

“நீயும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடேன்.”

இங்கேதான் நான் செய்த வேலை. “எழுத்து எதுக்கு? நேர்லயே நிக்கிறேன், வாயாலயே கேக்கட்டும்” என்று சொன்னேன். வீராப்பாகத்தான் சொன்னேன். உள்ளே வேறு நினைப்பு. தாளில் எழுதினால் அது பீரோவில் நிற்கும். யார் கையிலோ கிடைக்கும். லேபில் ஆம்பளை, பொம்பளை விவகாரத்தில் இவள் பேரும் இருக்கிறது என்று எங்கள் ஊர்வரை வரும். வாயால் சொன்னால் சொன்னதோடு போயிற்று. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் என் வீராப்பை நம்பிவிட்டாள்.

முதல்வர் மூன்று பேர் கொண்ட ஒரு விசாரணைக் குழு போட்டார். அந்தக் குழு கூடுகிறவரைக்கும் சார் எப்போதும்போல வகுப்புக்கு வந்தார். அவளைத்தான் விடுதியைக் காலி பண்ணிவிட்டு ஊருக்குப் போகச் சொன்னார்கள், “உன் பாதுகாப்புக்குத்தாம்மா” என்று. விசாரணைத் தேதி அவளுக்குத் தபாலில் மலைக்குப் போனது. எனக்கு ப்யூன் கையில் ஒரு சீட்டு வந்தது. காலை பதினோரு மணி. சாட்சி நேரில் வர வேண்டும், தவறினால் இருக்கிறதை வைத்து முடிவு செய்யப்படும் என்று போட்டிருந்தது. அதை என் பாடப் புத்தகத்துக்குள் மடித்துவைத்தேன்.

அது எங்கள் சனம் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுக்கு வந்த காலம். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கென்று பங்கு வேண்டும் என்று ஒரு வாரம் மறியல். வடக்கே எல்லா ஊர்களிலும் ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். கேட்டது தப்பில்லை. எங்கள் தெருவில் பத்தாவது தாண்டினவர்களை எண்ண ஒரு கை போதும். நானே அதைப் பற்றிக் காலேஜில் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் ரோட்டில் உட்கார வேண்டும் என்று கட்டுப்பாடு. ஊர்ப் பெரியவர் ஒருவர், எனக்கு மாமா முறை, ஒரு நோட்டில் வீட்டு வரிசைப்படி பேர் எழுதி, காலையிலும் மாலையிலும் குறித்துக்கொள்வார். வராத வீட்டுக்கு நல்லது கெட்டதில் யாரும் வரமாட்டார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் இல்லை, அம்மாவால் நடக்க முடியாது. அதனால் நான் போனேன். போலீஸ் வந்தால் கொஞ்சம் யோசிக்கும் என்று பெண்களைத்தான் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

விசாரணை நாள் மறியலின் மூன்றாவது நாளில் விழுந்தது. முந்தின நாள் சாயங்காலமே அம்மாவிடம் மெதுவாக எடுத்தேன். காலேஜில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், குறுக்கு வழியாக வாய்க்கால் மேல் நடந்து போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அம்மா புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நீ போயிட்டா நம்ம வூட்டுப் பேருல யாரு குந்துவா? நாளைக்கி நான் செத்தா தூக்கறதுக்கு நாலு பேரு வேணும்டி” என்றாள்.

பஸ் இல்லை, ரோடு இல்லை, அவள் எப்படி மலையிலிருந்து இறங்கப்போகிறாள், விசாரணை எப்படியும் தள்ளித்தான் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் போய், ரோட்டில் வெட்டிப்போட்டிருந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்தேன். முதல் நாள் அந்த மரத்தைக் கயிறு கட்டி இழுத்தபோது நானும் ஒரு கை பிடித்திருந்தேன்.

ஒன்பது மணி இருக்கும். கச்சிராயபாளையம் பக்கமிருந்து இரண்டு பேர் நடந்து வந்தார்கள். முன்னால் ஒரு ஒல்லியான ஆள், தோளில் துணிப்பை. பின்னால் அவள். கிட்டத்தில் வந்தபிறகுதான் அவள் என்று எனக்கு நிச்சயமானது. முந்தின நாள் விடிகாலையில் புறப்பட்டு, காட்டுவழியாக இறங்கி, கோமுகி அணைப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் படுத்து, விடிந்ததும் ரோட்டில் நடந்து வந்திருக்கிறார்கள். செருப்பு கையில் இருந்தது. வார் அறுந்துவிட்டது போல.

பையன்கள் மறித்தார்கள். “யாருய்யா அது? ஒருத்தரும் போவக் கூடாது.”

“எங்க பாப்பாவுக்குக் காலேஜில விசாரணைங்க. பதினோரு மணிக்கு இருக்கணும்” என்றார் அவள் அப்பா.

“மலை ஆளுங்கப்பா. நடந்துதான போறாங்க, வுடு” என்று யாரோ சொன்னார்கள். வழி விட்டார்கள். மரத்தைத் தாண்ட அவள் கால் தூக்கிவைத்தபோதுதான் என்னைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. நான் அவளுக்காகத்தான் அங்கே காத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவி.

“வா போலாம். இன்னும் நேரம் இருக்குது, நடந்தா போயிரலாம்.”

நான் எழுந்தேன். எழுந்தது உண்மை. மாமாவிடம் போனேன். “மாமா, காலேஜுல ஒரு முக்கியமான ஜோலிங்க. மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்.”

அவர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “காலேஜுல நம்ம புள்ளைங்களுக்கு எடம் வேணும்னுதான் மூணு நாளா வெயில்ல குந்திக்கினு கெடக்கறோம். நீ இப்ப எந்தக் காலேஜுக்குப் போற?”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. சொந்தக்காரர்கள் சிரிப்புதான். மாமா பேனாவைத் திறந்து பிடித்தபடியே, “போறதுன்னா போ பாப்பா. உங்க வூட்டுக்கு நேரா கோடு போட்டுக்கறேன்” என்றார்.

நான் திரும்பிவந்து பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு விளங்கவில்லை. ஏன் விளங்கும்? இரண்டு நாள் நடந்து வந்தவளுக்கு இரண்டு அடி எழுந்து வராதவளை எப்படி விளங்கும்?

“நீ வர்லன்னா நான் சொல்றது எடுபடாதுடி” என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி. நீ பாத்தியா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

“பாத்தேன்.”

“இன்னா பாத்த?”

“அவரு உன் கையப் புடிச்சி இழுத்தாரு. கதவச் சாத்துனாரு. பாத்தேன்.”

சுற்றி இருந்த பெண்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. மாமா காதிலும் விழுந்தது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்றுதானே எழுத்தில் கொடுக்காமல் ஒளிந்தேன். இப்போது ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லியாயிற்று. கேட்க வேண்டிய அந்த மூன்று பேர் மட்டும் அங்கே இல்லை.

“இத அங்க வந்து சொல்லேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி எதாவது கத்தியிருப்பேன். கெஞ்சினாள். அவள் அப்பாதான் அவள் கையைத் தொட்டு, “அந்தப் பாப்பாவத் தொந்தரவு பண்ணாத. நேரமாவுது, வா” என்றார். போகும்போது என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கரும்புத் தோட்டத்து வளைவு வரைக்கும் அவர்கள் முதுகு தெரிந்தது. சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு நேராகச் சரி என்று குறித்துக்கொண்டார்.

உள்ளே என்ன நடந்தது என்பதை லேப் அட்டெண்டர் பிறகு சொன்னார். குழு சரியாகப் பதினோரு மணிக்குக் கூடியிருக்கிறது. மூன்று பேரும் சாரும் டவுனுக்குள்ளேயே தங்கியிருப்பவர்கள். மறியல் அவர்களைத் தடுக்கவில்லை. இவள் புழுதிக் காலோடு போய் நின்றிருக்கிறாள். பாட்டில் நழுவியது, அவள் கண்ணாடியில் விழுந்துவிடக்கூடாதே என்று கையைப் பிடித்தேன் என்று சார் சொல்லியிருக்கிறார். சாட்சி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். “ரோட்டுல குந்தவச்சிருக்காங்க. வர வுட மாட்டேங்கறாங்க” என்றிருக்கிறாள். அந்த நேரத்திலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. சாட்சி ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அவளிடம், ‘நான் தவறாகப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தாகும், தேர்வு எழுதலாம் என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அவள் அப்பாவும் எழுதிக்கொடுத்துவிடச் சொல்லி அவளிடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாராம். சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்த வழியே நடந்து போய்விட்டார்கள். எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. வாய்க்கால் வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருப்பாள்.

மரங்களை அகற்றி பஸ் ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாக முதல்வர் அறைக்குப் போனேன். “சார், நான் பாத்தேன். இப்ப சொல்றேன், எழுதியும் தர்றேன்” என்றேன். தாள்கூடக் கொண்டுபோயிருந்தேன். அவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார்.

“விசாரணை முடிஞ்சிடுச்சும்மா. அந்தப் பொண்ணும் போயிடுச்சு. புகார் குடுத்தவங்களே இல்லாதப்ப இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? அன்னிக்கு வந்திருக்கலாம்ல?”

“ரோட்டுல மறியல் சார்.”

“மரம் போட்டது யாரும்மா?” என்றார்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. மூன்றாவது மேசையில் மைக்ராஸ்கோப் முழுக்க எனக்கே. என் ரெக்கார்டு நோட்டும் கையெழுத்தாகாமல் கிடந்தது. மற்ற பெண்களுடையதெல்லாம் ஆகிவிட்டது. எடுத்துக்கொண்டு போனேன். சார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பூக்களெல்லாம் அழகாக இருந்தன, பாதி அவள் வரைந்தவை. “நல்லா வரைஞ்சிருக்கியே” என்று மூடிவைத்தார். நான் அன்று அலமாரிக்குப் பின்னால் இருந்தது, புகாரில் என் பேர் இருந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“கச்சிராயபாளையம் பக்கம்தான உனக்கு? அங்க நல்ல வெல்லம் காய்ச்சுறாங்களாமே.”

“ஆமாங்க சார்.”

“சாயந்தரமா ரூமுக்குக் கொண்டாந்து குடு. கையெழுத்துப் போட்டு வைக்கிறேன்.”

மேசைமேல் ணங்கென்று வைத்துவிட்டு வந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். அவளுக்காவது ஒரு சாட்சி இருப்பதாக நம்பிக்கை இருந்தது. என் மேசையில் யாரும் இல்லை.

மறுநாள் ஆலையில் சூடாக இரண்டு உருண்டை வெல்லம் வாங்கி, புண் காலோடு அம்மாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். சார் உன்னைப் பார்க்க வேண்டும் என்றார் என்று பொய் சொன்னேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்த ரூம் வாசலில் அம்மாவை முன்னால் நிறுத்தி, நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். சார் கதவைத் திறந்து, அம்மாவைப் பார்த்து ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்தார். வெல்லத்தை வாங்கி வைத்துவிட்டு, அங்கேயே நின்றபடி நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

“எம் பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க. நீங்கதான் பாத்துக்கணும்” என்று அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“வாயா? இந்தப் பொண்ணு வாயே தொறக்க மாட்டாளேம்மா” என்றார்.

அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் கும்பிட்டுவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டேன்.